அமத்தினால் கத்தும், கத்தினால் அமத்தவும்

சிவமயம்

நாரந்தனை,
மார்கழி, 1988.

அன்புள்ள தம்பி குணநாயகத்துக்கு,

அண்ணன் ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சாள் இராசேஸ்வரியும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். நீ அங்கே ஜேர்மனிப் பனிக்குள் இருக்கிறபடி இருக்க நயினை அம்மாள் அருள்செய்வாளாக. சுகம் விசாரித்தாயிற்று. நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதற்காக உன்னைப் பாராட்டி எழுதப்போகிறேன் என்று நினைத்துக் கதிரையில் சாய்ந்து இருந்தாயானால், தயவுசெய்து நிமிர்ந்து இரு.

நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகக் காரியம் பார்க்கிறவன் நான் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் பௌதிகத்தில் உன்னைவிடக் கூடிய புள்ளி எடுத்திருந்தும், நம்முடைய ஐயா என்னை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருத்திவிட்டு உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். நீ மின்னியல் படித்தாய், நான் தபால் வரவும் தபால் போக்கும் பதிந்தேன். அது கிடக்கட்டும். ஆடி மாதம் இராசேஸ்வரிக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போனதையும், நான் உத்தியோகத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பதையும், புரட்டாதியில் நான் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நேரம் அவள் கட்டிலால் சரிந்து நிலத்தில் கிடந்ததையும், அந்த நேரம் பார்த்து அவளுடைய தமையன் அப்புத்துரை காரைநகரிலிருந்து வந்து வாசலில் நின்றதையும் முன்பே எழுதியிருந்தேன். அவர் அன்றைக்குச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

“மச்சான், நான் உம்மிலை குறை சொல்லேல்லை. எங்கடை வீட்டிலை நாலு பொம்பிளையள் இருக்கினம். எப்பவும் ஆரெண்டாலும் ஒருத்தி பக்கத்திலை இருப்பாள். இஞ்சை நீர் ஒராள். நீர் தண்ணி அள்ளப் போனா இவள் கூப்பிட ஏலாமல் கிடக்கிறாள். பொங்கல் முடிய நான் காரோடை வாறன், இவளைக் கூட்டிக்கொண்டு போக.”

“அவ என்ரை மனுசி” என்றேன் நான்.

“அதாலைதான் இவ்வளவு நாளும் பொறுத்தனான்” என்றார் அவர்.

அப்புத்துரைமேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. எங்கள் கலியாணத்தில் தோழனாக நின்ற அவருடைய தலைப்பாகை மாப்பிள்ளையான என்னுடைய தலைப்பாகையைவிடப் பெரிதாக இருந்ததும், படம் பிடித்தவன் அவரையே மாப்பிள்ளை என்று நினைத்து நடுவில் நிறுத்தியதும் நீ அறிந்தவை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. நியாயமாகப் பேசுகிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அந்த ஆத்திரத்தை உன்மேல் காட்டி, நீ கடிதம் போடுவதில்லை, விசாரிப்பதில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். நீ அதற்கு ஒரு வரி ஆறுதல் எழுதாமல் இந்தப் பெட்டியைச் செய்து அனுப்பினாய். சிறு வயதிலும் நீ அப்படித்தான். அடித்தால் அழமாட்டாய், போய் ஏதாவது ஒன்றைப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருப்பாய்.

பெட்டியைக் கொண்டுவந்த உன் சிநேகிதர் அதை யாழ்ப்பாணத்தில் தன் மாமியார் வீட்டில் வைத்துவிட்டு, என்னை வந்து எடுத்துப்போகச் சொல்லியனுப்பினார். நாரந்தனைவரை வந்தால் கால் தேய்ந்துவிடும் போலும். நான் போனேன். சவர்க்காரப் பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி, அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு, நடுவில் ஒரே ஒரு பொத்தான். அடியில் நீ வெள்ளை மையால் ‘மச்சாளுக்கு’ என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்த பிறகு அந்த மாமியார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். நான் செவிடன் என்று நினைத்திருப்பார். அவர் தந்த பூசணிக்காயையும் பெட்டியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அதுதான் நான் விட்ட பிழை.

பண்ணைச் சென்றியில் இந்திய இராணுவம் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நடக்கவிடுவது வழக்கம். என் முறை வருவதற்குச் சற்று முன் பூசணிக்காய் புரண்டு பொத்தானில் ஏறியது. பெட்டி கத்தத் தொடங்கியது. தம்பி, நீ அதற்கு வைத்திருக்கிற சத்தம் ஒரு நோயாளி புருஷனைக் கூப்பிடுகிற சத்தமா? வரிசையில் நின்ற சனம் அப்படியே தார் ரோட்டில் குந்திவிட்டது. ஒரு பெண், “அட அறுவானே, சாக உனக்கு வேறை இடம் கிடைக்கேல்லையே?” என்று என்னைக் கேட்டாள். இந்தியச் சிப்பாய் ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். மலையாளத்துக்காரன் என்பது “எந்தா அது?” என்றபோது தெரிந்தது. “கோலிங் பெல்” என்று சொல்லிப் பெட்டியை வெளியே எடுத்தேன். அது கத்துகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, நடுவில் ஒரு பொத்தான். எனக்கே பார்க்க நல்லதாகப் படவில்லை. அவன் இரண்டு அடி பின்னால் போய், “அமர்த்தல்லே! அமர்த்தல்லே!” என்று கத்தினான். சத்தத்தை அமர்த்து என்கிறான், எங்கிருந்தோ வந்த சிப்பாய்க்கு இவ்வளவு நல்ல தமிழா என்று வியந்தபடி நான் பொத்தானை அழுத்தினேன். பெட்டி நின்றது. அவனும் நின்றான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. எனக்குப் பின்னால் குந்தியிருந்த பெரியவரின் தகப்பனார் ஒருகாலம் திருவனந்தபுரத்துக்குப் புகையிலை ஏற்றியவராம். அந்தப் பெரியவர்தான் பிறகு சொன்னார், அமர்த்தல்லே என்றால் மலையாளத்தில் ‘அழுத்தாதே’ என்று அர்த்தமாம்.

தான் உயிரோடு இருப்பது தெரிந்தபின் சிப்பாய் கண்ணைத் திறந்து, இது யாருக்கு என்று சைகையில் கேட்டான். என் மனுசிக்கு, அவவுக்கு வாய் பேச ஏலாது என்று வாயைத் தொட்டுக் காட்டினேன். அவன், “சம்சாரம் இல்லே?” என்றான். தம்பி, எனக்கு வந்த கோபத்தில் துவக்கு நீட்டியிருப்பதையும் மறந்துவிட்டேன். “சம்சாரம் இருக்கிறா! நாரந்தனையிலை உயிரோடை இருக்கிறா! இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?” என்று நான் போட்ட சத்தம் உன் பெட்டியின் சத்தத்துக்குக் குறைந்ததல்ல. புகையிலைப் பெரியவர் என் தோளைப் பிடித்து, “கோவிக்காதையும். அவன்ரை பாசையிலை சம்சாரமெண்டா பேச்சு. மனுசிக்குப் பேச்சு இல்லையோ எண்டு கேக்கிறான்” என்றார். அவனுக்கும் ஏதோ விளங்கப்படுத்தினார். சிப்பாய் துவக்கைத் தாழ்த்தி, “சம்சாரம் இல்லா” என்று இந்த முறை மெல்லத் தனக்குத்தானே சொன்னான். பிறகு பெட்டியை வாங்கித் தானே ஒருதரம் அமர்த்திக் கத்தவைத்து, மறுதரம் அமர்த்தி நிறுத்திப் பார்த்து, சிரித்து, பூசணிக்காயைத் தனியாகப் பிடித்துக்கொள்ளும்படி சைகையால் புத்தி சொல்லி அனுப்பினான். என் சீவியத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒருவன் எனக்குச் சொன்ன முதல் பிரயோசனமான புத்தி அதுதான், அதையும் வேறு நாட்டுக்காரன்தான் சொல்லவேண்டியிருந்தது.

இனி உன் எழுத்துக்கு வருகிறேன். பெட்டியோடு நீ வைத்திருந்த துண்டுக் கடதாசியை இராசேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். ‘அமத்தினால் கத்தும். கத்தினால் அமத்தவும்.’ இவ்வளவுதான் எழுதியிருந்தாய். நம்முடைய தமிழ் வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் இதற்காகவே ஜேர்மனிக்கு வந்திருப்பார். நம்மூரில் அமத்து என்றால் விரலால் அழுத்து என்றும் பொருள், சத்தத்தை அடக்கு என்றும் பொருள். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை கொடுத்தது போதாதென்று ஒரே சொல்லுக்கும் இரண்டு வேலை கொடுத்திருக்கிறாய். அதைவிடப் பெரிய குறை, யார் அமத்துவது என்று நீ எழுதவில்லை. முதல் வரியில் அமத்துகிறவள் கட்டிலில் கிடக்கிறவள். இரண்டாம் வரியில் அமத்தவேண்டியவன் நான், அதுவும் ஓடிவந்து சேர்ந்த பிறகு. இந்த ஒரு எழுவாயை நீ விட்டதால் நான் பட்ட பாட்டைக் கீழே காண்பாய்.

எனக்கென்று தனியாக எழுதிய விளக்கத்தையும் படித்தேன். ‘இதற்குள் ஒரு மைக்ரோகொன்றோலர் இருக்கிறது, ஒரு சின்னச் சில்லுக்குள் ஒரு முழு மூளை. பொத்தானை ஒருதரம் தொட்டால் விழிக்கும், மறுதரம் தொட்டால் உறங்கும். தான் விழித்திருந்ததா உறங்கியிருந்ததா என்பதை அது ஞாபகம் வைத்திருக்கும்’ என்று எழுதியிருந்தாய். எங்கள் ஊரில் சில்லு என்பது சைக்கிளின் சக்கரம். பெட்டியைத் திறந்து சில்லைத் தேடினேன். இரண்டு பக்கமும் கால் முளைத்த ஒரு மட்டத்தேள்தான் கிடந்தது. அதுதான் மூளை என்று ஊகித்துக்கொண்டேன். அது ஞாபகம் வைத்திருப்பதைப் பெரிய கெட்டித்தனமாக எழுதியிருக்கிறாய். என் கலியாணப் பந்தியில் யார் யார் பாயசம் கிடைக்காமல் எழும்பினார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்காக என்னை யாரும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டாடவில்லை.

சரி. கட்டில் சட்டத்தில், இராசேஸ்வரியின் இடக்கைப் பெருவிரல் படுகிற இடத்தில் பெட்டியைக் கட்டினேன். “ஏதும் வேணுமெண்டா இதை அமத்தும், நான் வருவன்” என்றேன். கண்ணை ஒருதரம் மூடினாள். அது எங்கள் வீட்டில் இப்போது ‘ஓம்’ என்கிற பதில். நான் கிணற்றடிக்குப் போனேன். வாளி பாதி வழி ஏறியிருக்கும்போது பெட்டி கத்தியது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். வாளி இன்றைக்கும் கிணற்றுக்குள்தான் இருக்கிறது. கோழிக்கூடு தடுக்கி முழங்கால் அடிபட விழுந்தேன். நான் எழும்புவதற்குள் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. தம்பி, அந்தச் சத்தம் கேட்பதைவிட அது நிற்பது பயங்கரம். உள்ளே போனால் அவள் நேராகக் கிடக்கிறாள். “என்ன வேணும்? தண்ணியோ? சரிச்சுக் கிடத்தவோ? எங்கையேன் நோகுதோ?” அவள் முகட்டைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் வலப்பக்கம் அசைவதில்லை. அரை முகத்தைப் பார்த்து ஒரு பெண்ணின் எண்ணத்தை அறிய எனக்குத் தெரியாது. முழு முகம் இருந்த காலத்திலேயே எனக்கு அது தெரியாது.

அதற்குள் பக்கத்து வளவு மாக்கிறேற் ஓடிவந்துவிட்டாள். காலையும் மாலையும் இராசேஸ்வரியைக் கழுவித் துடைத்துவிடுகிறவள் அவள்தான். “கிளாக்கரையா, என்ன, நெருப்போ?” என்றாள். “நெருப்பில்லை, பெட்டி” என்றேன். “பெட்டியோ! ஊர்காத்துறைக்குக் கப்பல் வருகுதாக்கும் எண்டெல்லே நினைச்சன்.” கட்டிலைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள். “அக்காவுக்கெண்டு வந்த பெட்டி உங்களையெல்லே படுக்கையிலை போடப்போகுது” என்று சொல்லி, என்னை இருத்தி மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.

அன்று தொடங்கியது. சவரம் செய்து ஒரு கன்னம் முடித்தேன், பெட்டி கத்தியது, அரைத் தாடியோடு ஓடினேன், வாசலை எட்டமுன் நின்றுவிட்டது. உலையில் அரிசி போட்டேன், கத்தியது, ஓடினேன், நின்றது, திரும்பிவந்தால் சோறு அடிப்பிடித்துவிட்டது. மனிதன் நடுவில் எழும்பி ஓடக்கூடாத இடம் என்று வளவின் மூலையில் ஒன்று இருக்கிறது. அங்கே நான் குந்தியிருந்தபோதும் கத்தியது. ஓடினேன் என்று மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் அதே கதைதான், நான் போவதற்குள் பெட்டி வாயை மூடிக்கொள்ளும், அவள் முகட்டைப் பார்ப்பாள். ஆனால் நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தால் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. “அமத்தும் பாப்பம்” என்றால் அமத்துவாள். நான் கைவைத்து நிறுத்தும்வரை ஒழுங்காகக் கத்தும். நான் அறைவாசலைத் தாண்டினால்தான் பிழை தொடங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போது வராத பிழை பௌதிகத்தில் உண்டா? நான் படித்த பௌதிகத்தில் இல்லை. நீ படித்ததில் இருந்தால் எழுது.

காரணம் தேடினேன். பொத்தானுக்குள் உலோகம் துள்ளும், ஒருதரம் தொட்டதைப் பலதரம் என்று மூளை குழம்பும், ஆகவே கொஞ்சம் பொறுத்து முடிவெடுக்க அதைப் பழக்கியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன் பொத்தானைப் பழக்கினாய், அவளுடைய விரலை யார் பழக்குவது? அந்த விரல் நடுங்குகிறது. ஒருதரம் அமத்த நினைத்து நடுக்கத்தில் இருதரம் அமத்துப்படுகிறது, விழித்தது உடனே உறங்கிவிடுகிறது என்று எண்ணினேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் விரல் ஏன் நடுங்குவதில்லை? அது சரிவரவில்லை. பிறகு வாடைக்காற்றின் உப்பு உள்ளே போயிருக்கும் என்று மட்டத்தேளைக் கழற்றாமல் ஊதித் துடைத்து, பெட்டியைப் பொலித்தீன் பையால் சுற்றினேன். பிறகு பற்றரிகளை மாற்றினேன். கடைசியாகத்தான் உன் எழுத்தில் சந்தேகம் வந்தது. ‘கத்தினால் அமத்தவும்’ என்று நான் வாசித்ததை அவள் தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டாள். உன்மேல் அவளுக்கு எப்போதும் மரியாதை. பெட்டி கத்துகிறது, கத்தினால் அமத்தச் சொல்லி மைத்துனர் எழுதியிருக்கிறார், அமத்துகிறாள். “இராசேஸ், கத்தினா அமத்துறது நீரில்லை, நான். விளங்கிச்சோ?” என்றேன். கண்ணை ஒருதரம் மூடினாள். எனக்குப் பெரிய நிம்மதி. குசினிக்குப் போய்க் கேத்திலைத் தூக்கினேன். கத்தியது. நின்றது.

நான் பகிடிக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. பொங்கல் வருகிறது. அப்புத்துரை வந்து நின்று, பெட்டி ஒருதரம் கத்தி உடனே ஓய்வதைக் கண்டால், இதை நம்பியோ என் தங்கச்சியை விடுகிறது என்பார், நான் என்ன சொல்ல? அவர் வராவிட்டாலும், ஒருநாள் அவள் உண்மையாகவே சரிந்து, உண்மையாகவே கூப்பிட்டு, அதுவும் நின்றுபோய், இது வழக்கமான பிழைதான் என்று நான் விறகு கொத்திக்கொண்டிருந்தால்? அந்த நினைப்பு வந்த நாள் தொடக்கம் நான் ஒருதரமும் நடந்து போனதில்லை. ஓடித்தான் போகிறேன். காரைநகரில் அந்த நாலு பேரும் நல்ல பெண்கள். கஞ்சியில் அவளுக்கு எவ்வளவு உப்பு என்பதைப் பழகிக்கொள்வார்கள், இடப்பக்கம் சரிந்தால்தான் நித்திரை வரும் என்பதையும் பழகிக்கொள்வார்கள். அவளுக்கு அங்கே ஒரு குறையும் வராது. அதுதான் என்னை வருத்துகிறது. கட்டில் வெறுமையான வீட்டில் கிணற்றடியில் நிற்கிறவன் எந்தப் பக்கம் காதைக் கொடுப்பது?

ஆகையால் நான் கேட்பது இது. ஒரே பொத்தான் என்கிற யோசனையை விட்டுவிடு. ஒரே ஆளைக் கொண்டு வரவும் போக்கும் பதிவித்தால் அந்த ஆள் என்ன ஆவான் என்பதற்குக் கச்சேரியில் தேய்ந்துபோன நானே சாட்சி. இரண்டு பொத்தான் வைத்து ஒரு புதுப் பெட்டி செய். பச்சைப் பொத்தான் அவளுக்கு, அமத்தினால் கத்தவேண்டும், அவள் என்ன செய்தாலும் நிற்கக்கூடாது. சிவப்புப் பொத்தான் நிறுத்துவதற்கு, அதைக் கம்பி நீட்டி அலுமாரிக்குமேல், அவளுக்கு எட்டாத இடத்தில் வைப்பேன். கடதாசியில் எழுவாயும் பயனிலையும் வைத்து நல்ல தமிழில் எழுது. தபாலில் போடாதே. தபால் எவ்வளவு வேகத்தில் போகும் என்பது அதைப் பதிந்த எனக்குத் தெரியும். வருகிற யாரிடமாவது பொங்கலுக்கு முன் கைக்குச் சேரும்படி கொடுத்துவிடு. அவரையாவது நாரந்தனைவரை வரச் சொல்.

வேறு விசேஷம் இல்லை. இருமல் என்று எழுதியிருந்தாய். கழுத்துக்குத் துணி சுற்று. நீ சுற்றமாட்டாய், தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஊர்ப் பிள்ளையார் உன்னை அந்தக் குளிரிலும் கண்டுபிடித்துக் காப்பாராக. உன் மச்சாளின் ஆசீர்வாதத்தையும் நானே எழுதவேண்டியிருக்கிறது. இப்போது கேட்டேன், கண்ணை ஒருதரம் மூடினாள்.

இப்படிக்கு,
உன் பெட்டியால் முழங்கால் இழந்த அண்ணன்,
ஆழ்வாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்புத்துரை வந்துவிட்டார். மார்கழியில் ஆளை இடம் மாற்றக்கூடாது, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றார். ஆனால் காரோடு வந்திருந்தார். பின் ஆசனத்தில் மெத்தை விரித்திருந்ததை நான் கண்டேன். கோப்பி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன். அவர் தங்கையின் பக்கத்தில் கதிரையில் இருந்தார். தண்ணீர் கொதிக்கமுன் பெட்டி கத்தியது. ஓடினேன். வாசலை எட்டமுன் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே அப்புத்துரை வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க இருந்தார். தங்கையின் நிலையைப் பார்த்து அழுகிறார் என்று எண்ணி, “அது மச்சான், உப்புக்காத்து… தம்பி வேறை பெட்டி அனுப்புறான்…” என்று தொடங்கினேன்.

“இரும் மச்சான், இரும். பெட்டியிலை ஒரு பிழையுமில்லை” என்றார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “நான் பாத்துக்கொண்டிருந்தனான். அமத்தினாள். அமத்திப்போட்டு, உம்மடை செருப்புச் சத்தம் வருமட்டும் காதைக் குடுத்துக்கொண்டு கிடந்தாள். வந்த உடனை திருப்பி அமத்தினாள். பிறகு என்னைப் பாத்து இந்தப் பக்கத்தாலை ஒரு சிரிப்பு!”

“ஏன்?” என்றேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

“ஏனோ? கலியாணம் முடிச்ச புதிசிலை எங்கடை வீட்டிலை இருந்தனீங்களெல்லே. இவள் குசினிக்குள்ளை நிண்டுகொண்டு ‘இஞ்சாருங்கோ’ எண்டுவாள். நீர் பேப்பரை எறிஞ்சுபோட்டு ஓடுவீர். என்னவெண்டு கேட்டா, ‘ஒண்டுமில்லை’ எண்டுவாள். ஒரு நாளைக்கு எத்தினை தரம்! எங்கடை அம்மா இவளை ஏசாத ஏச்சில்லை. உது அதுதான். ஒருக்கா அமத்தினா ‘இஞ்சாருங்கோ’. திருப்பி அமத்தினா ‘ஒண்டுமில்லை’.”

நான் இராசேஸ்வரியைப் பார்த்தேன். அவள் முகட்டைப் பார்த்தாள். “உண்மையோ?” என்றேன். கண்ணை மூடினாள், ஒருதரம். “அப்ப உண்மையா ஏதும் வேணுமெண்டா?” என்றேன். பெருவிரலால் அமத்தினாள், அமத்திவிட்டுக் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். பெட்டி கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. அவள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். நான் அவளுடைய தலையைத் தூக்கித் தண்ணீர் பருக்கினேன். அவள் போதும் என்று கண்ணை மூடியபிறகு நானே அமத்தி நிறுத்தினேன்.

அப்புத்துரை எழும்பிச் சால்வையை உதறினார். “இவளைக் காரைநகருக்குக் கொண்டுபோனா அங்கை ஆர் ஓடுறது? எங்கடை பொம்பிளையள் நடந்துதான் வருவினம். நான் போட்டு வாறன் மச்சான்” என்றார். மெத்தையையும் காரால் எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார். நல்ல இலவம்பஞ்சு. கலியாணப் படத்தில் அவர் நடுவில் நின்றதைப் பற்றி இனி நான் யாரிடமும் பேசுவதாக இல்லை.

ஆகவே, தம்பி, மேலே நான் எழுதிய அத்தனையையும் வெட்டிவிட்டதாக எடுத்துக்கொள். இரண்டாவது பொத்தான் வேண்டாம். உன் பெட்டியில் கைவைக்காதே, உன் தமிழிலும் கைவைக்காதே. இப்போது பெட்டி கத்தியது. நின்றும் விட்டது. போய் என்னவென்று கேட்டுவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.